களைப்பு சோம்பல் அல்ல

(மடு ஆவணித் திருவிழாவுக்கு வந்த தோட்டக் குடும்பங்களும் வன்னியில் வாழும் மலையக உறவுகளும் நறுவிலிக்குளத்தில் கூடிய ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளரும் ஆவார்.)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், சந்தா, கூட்டு ஒப்பந்தம் என்று ஆரம்பிப்பார்கள் என நினைத்து வந்திருப்பீர்கள். அங்கேதான் போய்ச் சேரப் போகிறோம். ஆனால் இன்றைக்குப் புறப்படுகிற இடம் வேறு. நம்முடைய மூச்சிலிருந்து தொடங்குகிறோம். ஏன் என்று ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும்.

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் அக்கா. முப்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள். மூத்த பிள்ளை எங்களிடம்தான் படிக்கிறது. ஒருநாள் காலை பத்து மணிக்கு, கூடையோடு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கி அப்படியே தேயிலைச் செடியோரம் உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வைக்கு நின்றவர் கண்டார். “வேலைக் கள்ளி” என்றார். அன்றைக்கு அரைப் பேர். அடுத்த வாரமும் அப்படியே. வீட்டுக்காரர் கேட்டார், “ஒனக்கு என்னதான் வந்திச்சு?” மாமியார் சொன்னார், “எங்க காலத்துல நாங்க இப்படியா இருந்தோம்?” காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கடைசியில் அந்த அக்காவே நம்பத் தொடங்கிவிட்டார், தான் சோம்பேறியாகிப் போனோம் என்று.

பிள்ளைதான் எங்களிடம் வந்து சொன்னது: “டீச்சர், அம்மா அடுப்புக்கிட்டயே தூங்கிப் போயிருது.” அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். துண்டில் ஓர் எண்ணை எழுதித் தந்தார்கள். பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய எண், ஏழு என்று இருந்தது.

அந்த ஏழு என்ன சொல்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அதை விளங்கிக்கொண்டால், “வேலைக் கள்ளி” என்று இனி எவர் சொன்னாலும் பதில் சொல்ல நமக்கு வாய் இருக்கும்.

இப்போது எல்லோரும் ஒரு கையை நெஞ்சிலும் மற்றக் கையை வயிற்றிலும் வையுங்கள். பிள்ளைகளும் வையுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். வயிறு முன்னால் வருகிறதா? காற்று வயிற்றுக்குள் போகவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசைத் தட்டு இருக்கிறது. புத்தகத்தில் அதற்குப் பிரிமென்றகடு என்று பெயர். அது கீழே இறங்கும்போது நெஞ்சறை பெரிதாகிறது, காற்று உள்ளே வருகிறது. அது மேலே எழும்போது காற்று வெளியே போகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அரை லீற்றர் காற்று.

அந்தக் காற்று எங்கே போகிறது? மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மரக்கிளை போலக் கிளைவிட்டு, கடைசியில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு பைகளில் முடிகிறது. அவற்றுக்குச் சிற்றறைகள் என்று பெயர். எல்லாவற்றையும் பிரித்து விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீற்றர் வரும். நம் கணக்கில் சொல்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா ஒன்று ஏறத்தாழ 11 சதுர மீற்றர். அப்படியானால் ஆறு காம்பராக்களின் தரை முழுவதும் நம் ஒவ்வொருவரின் நெஞ்சுக்குள்ளும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. உடம்பு அவர்களுக்குத் தந்திருக்கும் இடம், தோட்டம் தந்த இடத்தைவிடப் பெரிது.

அந்தச் சிற்றறையின் சுவர் மிக மெல்லியது. அதன் மறுபக்கம் குருதி ஓடுகிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் அந்தச் சுவரைக் கடந்து குருதிக்குள் போகிறது. உடம்பில் சேர்ந்த கழிவான காபனீரொட்சைட்டு குருதியிலிருந்து இந்தப் பக்கம் வருகிறது. உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். வெளியே விடும் காற்றில் 16 பங்கு அளவில் இருக்கிறது. அந்த ஐந்து பங்கைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அதுதான் நம் உயிர்.

இந்த ஊருக்குத் தெற்கே அரிப்பும் சிலாவத்துறையும் இருக்கின்றன. அந்தக் கடலில்தான் முத்துச் சலாபம் நடந்தது. குளியாட்கள் கனமான கல்லைக் காலால் பற்றிக்கொண்டு கயிற்றோடு அடிக்கடலுக்கு இறங்குவார்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அதற்குள் கிடைத்த சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். எவ்வளவு பழகினவரும் அங்கேயே இருக்க முடியாது. ஏன்? சோறில்லாமல் சில வாரம் உயிர் தாங்கும். தண்ணீரில்லாமல் சில நாள். ஒட்சிசனை உடம்பு சேமித்து வைப்பதில்லை. கடையில் நமக்குக் கடன் கொப்பி உண்டு. ஒட்சிசனுக்குக் கடன் கொப்பி கிடையாது. அன்றன்றைக்கு, அந்தந்த நிமிடத்துக்கு வந்தாக வேண்டும்.

மூச்சை அடக்கிப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் “விடு, விடு” என்று உள்ளிருந்து ஒன்று தள்ளும். ஒட்சிசன் குறைந்ததால் வருவது என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படியில்லை. காபனீரொட்சைட்டு கூடிவிட்டது என்று மூளை அறிந்து தள்ளுகிறது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவதும் இப்படித்தான். தசை கூடுதலாக வேலை செய்கிறது, கழிவு கூடுகிறது, மூளை மூச்சை வேகப்படுத்துகிறது. யாரும் வேண்டுமென்று மூச்சு வாங்குவதில்லை. வேண்டாம் என்று நிறுத்தவும் முடியாது.

இன்னொரு விஷயம். இந்த மன்னார்க் கரை நமக்குப் புதிய இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் தோணியில் வந்து இந்தக் கரையோரம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் கொலராவாலும் மலேரியாவாலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்த நினைவு நடைபவனியில் அந்தப் பாதையை நம்மவர்கள் மறுபடி நடந்தார்கள். கடல் மட்டத்தில் தொடங்கிய அந்தப் பயணம் எங்கே போய் முடிந்தது? நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்று மெலிந்தது. இங்கே இழுக்கும் மூச்சில் கிடைக்கிற ஒட்சிசனைவிட, அங்கே அதே மூச்சில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே வாழ்கிறவருக்குக் குருதியின் வலு கொஞ்சம் கூடவே வேண்டும். நமக்கோ குறைவாக இருக்கிறது.

இனிக் குருதிக்கு வருவோம்.

இப்போது இரண்டு விரலை மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக வையுங்கள். துடிக்கிறதா? அது நாடி. இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் அங்கே ஓர் அலை வருகிறது. இதயம் நம் மூடிய கைப்பிடி அளவுதான். நிமிடத்துக்கு எழுபது என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஓர் இலட்சம் தடவை துடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை, போயா லீவும் இல்லை. அதன் வலப்பக்கம் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் நுரையீரலில் இருந்து திரும்பிய குருதியை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது. இப்படிக் குருதி வட்டமாகச் சுற்றி வருகிறது என்பதை 1628இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் எழுதினார். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் அளவு ஓடுகிறது. நம் உடம்பிலுள்ள குருதியும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று.

அந்தக் குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது யார்? செங்குழியங்கள். அவற்றுக்குள்ளே ஈமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. குருதிக்குச் சிவப்பு நிறம் தருவதும் அதுதான். ஒவ்வோர் ஈமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு இரும்பணு. ஒவ்வோர் இரும்பணுவும் ஓர் ஒட்சிசன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். நுரையீரலில் பிடிக்கும், தசையில் போய் விடும். அதை நம் கொழுந்துக் கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கொழுந்து நிறைய இருந்தாலும் கூடை இல்லாவிட்டால் மடுவத்துக்கு என்ன வந்து சேரும்? அதுபோல, காற்றில் ஒட்சிசன் எவ்வளவு இருந்தாலும் ஈமோகுளோபின் குறைந்தால் தசைக்கு வந்து சேராது.

அந்த அக்காவின் துண்டில் எழுதியிருந்த எண் இதுதான். நூறு மில்லிலீற்றர் குருதியில் எத்தனை கிராம் ஈமோகுளோபின் என்ற கணக்கு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11க்கு, ஆணுக்கு 13க்கு. குறைந்தால் அதற்குப் பெயர் குருதிச்சோகை.

கணக்குப் போடுவோம். ஒரு கிராம் ஈமோகுளோபின் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். 13 கிராம் உள்ளவரின் ஐந்து லீற்றர் குருதி நிமிடத்துக்கு 870 மில்லிலீற்றர் ஒட்சிசனைக் கொண்டுபோகும். 7 கிராம் உள்ளவருக்கு 470தான். சும்மா உட்கார்ந்திருக்கவே உடம்புக்கு நிமிடத்துக்கு 250 வேண்டும். வந்த அத்தனையையும் குருதியிலிருந்து பிழிந்தெடுக்கவும் உடம்பால் முடியாது. ஆகவே உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. பார்ப்பவருக்கும் தெரியாது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேடு ஏறும்போது தேவை பல மடங்காகிறது. அங்கேதான் கணக்கு உதைக்கிறது. உள்ள கூடை குறைவு என்பதால் இதயம் ஓட்டத்தைக் கூட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அதுவும் போதாத இடத்தில் உடம்பு உட்காரச் சொல்கிறது.

மூன்றாவது இடம், ஒட்சிசன் போய்ச் சேருகிற இடம். உடம்பு முழுவதும் கலங்களால் ஆனது. தசைக்கலம், மூளைக்கலம், தோற்கலம். ஒவ்வொரு கலமும் ஓர் அடுப்பங்கரை. அதற்குள்ளே இழைமணி என்ற சின்னச் சின்ன அடுப்புகள். நாம் தின்ற ரொட்டியும் சோறும் சமிபாடடைந்து குளுக்கோசாகி அங்கே வருகிறது. அதுதான் விறகு. ஒட்சிசன்தான் காற்று. இரண்டும் சேர்ந்தால் சக்தி கிடைக்கிறது, காபனீரொட்சைட்டும் நீரும் மிஞ்சுகின்றன. நாம் வெளியே விடும் மூச்சு அந்த அடுப்பின் புகை. உயிர்கள் மூச்சுவிடுவதும் நெருப்பு எரிவதும் ஒரே வகை வேலைதான் என்று 1780களில் பிரான்சில் லவோசியே என்ற விஞ்ஞானி காட்டினார். உடம்புக்குள் அது சுவாலையில்லாமல், மெதுவாக, படிப்படியாக எரிகிறது. இதற்குக் கலச்சுவாசம் என்று பெயர்.

சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். இதைக் கேளுங்கள். ஒட்சிசன் இருந்தால் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏடிபி என்ற சக்திக்காசு சுமார் 30 கிடைக்கும். ஒட்சிசன் போதாவிட்டால் கிடைப்பது 2. இரண்டே இரண்டு. அதோடு இலற்றிக்கமிலமும் சேரும். விறகு அதேதான், சமைத்தது பதினைந்தில் ஒரு பங்கு. ஊதாங்குழலால் ஊதாத ஈர அடுப்பு மாதிரி. குருதிச்சோகை உள்ளவரின் தசை மற்றவர்களைவிட மிக முன்னதாகவே இந்த இரண்டு காசுக் கணக்குக்குப் போய்விடுகிறது. கால் கனக்கிறது, தொடை இறுகுகிறது, கண் இருட்டுகிறது. “நல்லாத்தானே தின்னா, பொறகு என்ன?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விறகு இருக்கிறது, காற்று வரவில்லை.

இது நாங்களாகச் சொல்லும் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் தோட்டங்களிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எட்கர்ட்டன் முதலிய ஆய்வாளர்களும், பேராதனையில் மருத்துவம் கற்பித்த பிரையன் செனவிரத்னவும் சேர்ந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே செய்த ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. இரும்புச்சத்து கொடுத்து ஈமோகுளோபினை உயர்த்தியபோது, அந்தத் தொழிலாளர்கள் முன்னையைவிடக் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். குருதி மிகக் குறைந்திருந்தவர்களிடம், அதாவது 6க்கும் 9க்கும் இடையில் இருந்தவர்களிடம், முன்னேற்றம் மிகக் கூடுதல். ஆளை மாற்றவில்லை, திட்டவில்லை, அரைப் பேர் போடவில்லை. இரும்பு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆய்வை இரண்டு விதமாக வாசிக்கலாம். தோட்டம் நடத்துகிறவர் எப்படி வாசிப்பார்? “மாத்திரை கொடுத்தால் கிலோ கூடும், அப்படியானால் கிலோக் கணக்கையும் உயர்த்தலாம்” என்று வாசிப்பார். நாம் அதை விடக் கூடாது. அந்த ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறது. இரும்புச்சத்து பெற்றவர்கள் வேலைத்தலத்தில் மட்டுமல்ல, தங்கள் அன்றாட வாழ்க்கையிலும் கூடுதலாக நடமாடினார்கள் என்று கண்டார்கள். அதை நாம் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். ஏறிய குருதி முழுவதும் கூடைக்கே போக வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. பிள்ளையோடு பேச, கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போக, இப்படி ஒரு கூட்டத்துக்கு வர, அதற்கும் மூச்சு வேண்டும். அது நமக்குரிய பங்கு.

சரி, நம் குருதி ஏன் குறைகிறது? 

முதலாவது, வரவு குறைவு. உடம்பிலுள்ள இரும்பு மொத்தம் மூன்று நான்கு கிராம்தான், ஓர் ஆணி அளவு. ஒரு செங்குழியம் சுமார் 120 நாள் வாழும். ஒவ்வொரு விநாடியும் இருபது இலட்சத்துக்கு மேல் புதிதாக உண்டாக வேண்டும். பழையதன் இரும்பை உடம்பு சிக்கனமாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆனால் மாதவிடாயில் போவது திரும்பி வராது. ஒரு பிள்ளையைச் சுமக்க மட்டும் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு தேவை. பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்து, தட்டில் ரொட்டியும் சம்பலும் மட்டுமே இருந்தால் கணக்கு எப்படிச் சரிவரும்? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று ஆண்கள் இன்றிரவு கவனியுங்கள். மீன் துண்டும் முட்டையும் யார் தட்டுக்குப் போகின்றன என்றும் பாருங்கள்.

இரண்டாவது, சொல்லவே மனம் கசக்கிறது, நாம் பறிக்கிற அதே தேயிலை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், அதன் துவர்ப்புப் பொருள் மரக்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. குடலுக்குள் போவது பாதிக்கு மேல் குறைந்துவிடலாம். தேத்தண்ணியை விடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, சொன்னால் அடிக்க வருவீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் அல்லது ஒரு மணித்தியாலம் பின்னால் குடியுங்கள். ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுப் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள்.

மூன்றாவது, கொளுக்கிப் புழு. அசுத்தமான ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே வருகிறது. வந்து என்ன செய்கிறது? நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே பாதையில் போகிறது. குருதியோடு இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல், சிற்றறையைத் துளைத்து மூச்சுக்குழாய் வழியே தொண்டை, விழுங்கப்பட்டுக் குடல். அங்கே கொளுவிக்கொண்டு குருதி குடிக்கிறது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொளுக்கிப் புழுவுக்கு எதிரான வேலையைத் தோட்டங்களில்தான் ஆரம்பித்தார்கள். மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்று அன்றைக்கே தெரியும். நூறு வருஷம் கடந்தும் கொழுந்து மலையில் பெண்களுக்கு ஒரு மறைவிடம் இல்லாத தோட்டங்கள் இருக்கின்றன.

நான்காவது, அடுப்புப் புகை. விறகு சரியாக எரியாதபோது காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற கூடையே குறைவு, அதிலும் கல் ஏறி உட்கார்ந்த மாதிரி. புகைபோக்கி இல்லாத லயத்துக் குசினியில் விடியற்காலை நான்கு மணிக்கே இது தொடங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் ஓர் அம்மா கேட்டார்: “டீச்சர், ஈரலும் பேரீச்சம்பழமும் வாங்கச் சொல்லுவீங்க, காசு எங்க?” நியாயமான கேள்வி. வாங்க முடிந்ததைச் சொல்கிறோம். முருங்கையிலை, பயறு, கடலை, கௌபி, நெத்திலிக் கருவாடு. இந்த மன்னாரிலிருந்து திரும்பும்போது எப்படியும் கருவாடு வாங்கித்தான் போவீர்கள். பயறு, கீரையோடு தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்தால், அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே கொண்டுபோக உதவும். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் இரும்பு மாத்திரையும் திரிபோஷாவும் இலவசம். மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காமல் தண்ணீரோடு எடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், இனிப்பென்று நினைத்துச் சிறு பிள்ளை பல மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, எல்லாக் குருதிச்சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. தலசீமியா போன்ற பரம்பரை நோயாகவும் இருக்கலாம். ஆகவே கடையில் மாத்திரை வாங்கி நீங்களே வைத்தியம் பார்க்காமல் முதலில் பரிசோதனை செய்யுங்கள்.

வீட்டில் பார்த்து அறியக்கூடிய அடையாளங்களும் உண்டு. கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கள், உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளிறி இருக்கிறதா? நகமும் உள்ளங்கையும் வெளிறியிருக்கிறதா? கொஞ்சம் நடந்தாலே மூச்சிரைப்பு, படபடப்பு, தலைச்சுற்று இருக்கிறதா? மண்ணோ பச்சரிசியோ தின்ன ஆசை வருகிறதா? வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையையும் அடிக்காமல் இப்படிப் பார்க்க வேண்டும். இதை ஆசிரியர்களான எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அந்தத் தவறை நாங்களும் செய்திருக்கிறோம்.

ஆனால் தோழர்களே, கீரையும் தேசிக்காயும் நம் வீட்டுப் பொறுப்பு என்றால், மற்றவை யார் பொறுப்பு? இங்கேதான் சங்கம் வருகிறது. நாங்கள் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் பேசி, கூட்டல் குறைத்தல் இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்று, பெண் தொழிலாளர் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஈமோகுளோபின் பரிசோதனை, பேர் வெட்டாமல். இரண்டு, கிளினிக் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு. மூன்று, கொழுந்து மலைக்குப் பக்கத்தில் மலசலகூடம், கை கழுவத் தண்ணீர், காலுக்குச் சப்பாத்து. நான்கு, லயத்துக் குசினிகளுக்குப் புகைபோக்கி. ஐந்து, குருதிச்சோகை என்று வைத்தியர் துண்டு கொடுத்தவருக்கு, குணமாகும் வரை கிலோக் கணக்குப் பார்த்து அரைப் பேர் போடாமல் இலகு வேலை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் சம்பளம் இருக்கிறது. நாளைக்கு 1,000 ரூபாய் என்பது 2021இல் வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை வருஷம் போராடினோம் என்று உங்களுக்குத் தெரியும். இலவச மாத்திரை சம்பளத்துக்கு ஈடாகாது. மாத்திரை குறையை நிரப்பும். நிரம்பியதைக் காப்பாற்ற முட்டையும் பயறும் மீனும் வாங்கக் கையில் காசு வேண்டும். சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இனி அரிசி விலை, மா விலையோடு இந்தக் கணக்கையும் கொண்டுபோவோம்.

அந்த அக்காவின் கதையை முடிக்காமல் விட்டோம். வைத்தியர் சொன்னபடி நான்கு மாதம் மாத்திரை எடுத்தார். புழு மருந்தும் கொடுத்தார்கள். எண் பதினொன்றைத் தாண்டியது, இன்னும் கொஞ்சம் போக வேண்டும். இப்போது மேட்டில் நின்று நின்று ஏறுவதில்லை. எத்தனை கிலோ எடுக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளை வந்து வேறொன்று சொன்னது: “இப்ப அம்மா ராத்திரி என் கொப்பியப் பாக்குது டீச்சர். நான் வாசிக்கச் சொன்னா கேட்டுக்கிட்டு இருக்குது.” எங்களுக்கு அந்தக் கிலோ போதும்.

மாதர் சங்கத் தலைவிகள் ஊருக்குப் போனதும் தங்கள் லயத்தில் மூச்சு வாங்குகிற, கண் இமை வெளிறிய ஒருவரையாவது கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அந்தத் துண்டில் எழுதும் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த எண்களோடு வாருங்கள். வெறும் கையோடு துரையிடம் போவதைவிட எண்ணோடு போவது நல்லது.